பரணிலிருந்து இறங்கிய பாய்லரும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, அதெல்லாம் போகட்டும், எங்கள் வீட்டில் பெரிய விவகாரமாக ஆனது வெந்நீர்தான். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி, பச்சைத்தண்ணீர் என்றால் ஒத்துக்கொள்ளாது. கேஸ் அடுப்பில் குண்டான் குண்டானாகக் காய்ச்சி, துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் குளியலறை வரை நடந்ததில் மூன்றாவது நாள் காலில் கொஞ்சம் கொட்டிக்கொண்டேன். "பரண்ல பாய்லர் தூங்குது, இவன் குண்டானைத் தூக்கிட்டு அலையுறான்" என்றார் அம்மா, மருந்து போட்டுக்கொண்டே.

கரண்ட் வந்ததும் எல்லாம் மறந்துபோனது. அடுத்த அக்டோபரில் முதல் மழை பெய்தபோதுதான் ஏணியைப் போட்டு அந்த வெந்நீர்ப் பாய்லரை இறக்கினேன். தாத்தா கும்பகோணத்தில் வாங்கியது, இரண்டேகால் அடி உயரம், செம்பு உடம்பு, பித்தளைக் குழாய். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. நடுவில் ஒரு குழாய் மேலிருந்து கீழாக ஓடும், அதைச் சுற்றித்தான் தண்ணீர் நிற்கும். அடியில் இரும்புச் சல்லடை, அதன் கீழ் சாம்பல் தட்டு. சல்லடை மேல் எரியும் நெருப்பு நடுக்குழாய் வழியாக ஏறிப் போகிற வழியில் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறும். எங்களுடையதில் வாளி வைத்து அளந்தேன், 22 லிட்டர் பிடிக்கிறது.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் களிம்பை எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. தேய்க்கும்போதுதான் கவனித்தேன், மேல் மூடியில் ஆவி போவதற்கு இருக்கும் சின்ன ஓட்டையை யாரோ எப்போதோ எம்சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். தூசி விழக் கூடாது என்று செய்திருப்பார்கள், நல்ல மனதோடுதான். ஆனால் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். போக வழி இல்லாவிட்டால் அந்த அழகான செம்புப் பாத்திரத்துக்குப் பெயர் வெடிகுண்டு. உளியால் தட்டி எடுத்து, கம்பி விட்டுக் குத்தி, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பழைய பாய்லரை எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள், மெருகு அப்புறம்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குழாய் அடியில் ஒழுகுகிறது, பழைய பற்று விட்டுப்போயிருந்தது. மயிலாப்பூர் பக்கம் பாத்திரத்துக்குப் பற்று வைக்கும் பெரியவர் ஒருவரிடம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஈயம் என்றால் எந்த ஈயம் என்று நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். காரீயம் கலந்த பற்று வேண்டாம், வெள்ளீயமே வையுங்கள் என்றேன், ஏனென்றால் குளிக்கத்தான் என்று சொன்னாலும் அம்மா அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளிப்பார். நவச்சாரத்தைத் தூவி, ஊதி, பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தார், வெள்ளியாக ஓடிப் பிடித்துக்கொண்டது. "தம்பி, ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. தண்ணி இல்லாம நெருப்பு வச்சீங்கன்னா குழாய் கையோட வந்துடும்." உண்மைதான். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை செம்பு நூறு டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது, தண்ணீர் இல்லையென்றால் விறகு நெருப்புக்கு 232 ஒரு பொருட்டே இல்லை. அதனால் இப்போது வீட்டில் ஒரே சட்டம்: குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைப் பார்க்காமல் தீக்குச்சியைத் தொடக் கூடாது.

முதல் நாள் கூத்தைச் சொல்கிறேன். பின்கட்டில் துணி துவைக்கும் இடம் இருக்கிறது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மூன்று பக்கம் சுவர். தாத்தா காலத்தில் பாய்லர் அங்கேதான் இருந்தது, ஆனால் அப்போது அந்த இடத்துக்குக் கூரையே கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. விறகு விற்கும் தொட்டியில் வாங்கி வந்த சவுக்குக் கட்டையை அடியில் அடுக்கி, மண்ணெண்ணெய்த் துணி, மேலே மூன்றடி தகரக் குழாய். பற்றியது. பற்றியதா புகைந்ததா என்று தெரியாத மாதிரி பற்றியது. ஐந்து நிமிடத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு புகை ஷீட்டின் அடியில் தேங்கி, ஓரமாக வழிந்து, நேராகப் பக்கத்து வீட்டு மாடி பால்கனிக்குள் போனது. அங்கே கொடியில் துவைத்த துணி. அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "சார், குழந்தைக்கு வீஸிங் இருக்கு சார், என்ன எரிக்கிறீங்க?" என்றார். கத்தவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. தண்ணீரை ஊற்றி அணைக்கப் போய் இன்னொரு மடங்கு புகை.

அன்று மூன்று கிலோவுக்கு மேல் விறகு போட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்புத்தான். எனக்குச் சாயங்காலம் வரை தலைவலி. புகையால் வந்த தலைவலி என்று நினைத்துக் காபி குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, மூன்று பக்கம் அடைத்த இடத்தில் புகைந்துகொண்டிருந்த நெருப்புப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஊதுகுழலால் ஊதியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டு ஆள் இறந்தார் என்று குளிர்காலத்தில் பேப்பரில் வருமே, அதே ஆள்தான் இது. விறகு முழுதாக எரியாமல் புகைந்தால் இன்னும் தாராளமாக வரும்.

சரி, பாய்லரில் கோளாறு இல்லை என்று ஒரு வாரம் கழித்து ஒத்துக்கொண்டேன். இடம், புகைக்குழாய், விறகு மூன்றுமே தப்பு.

இடத்தை மாற்றியது சுலபம், வேறு வழியும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போட்டுக் குழாயை மேலே விடலாம் என்று வந்த ஆள் டிரில்லை எடுத்தே விட்டார், நான்தான் நிறுத்தினேன். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பழைய கையேடுகளில் அடுப்பு இணைப்புகளில் சுற்றச் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் அதே ரகம்தான், நான் கண்ணாடி இழைக் கயிறு வாங்கினேன். பாய்லர் இப்போது கொல்லையின் எதிர் மூலையில், மூன்று பக்கமும் திறந்த ஒரு சின்னத் தகரப் பந்தலுக்குக் கீழ், ஃபயர் பிரிக்ஸ் மேடைமேல் நிற்கிறது. சுற்றி மூன்றடிக்குள் எரியக்கூடிய எதுவும் கிடையாது, அகற்ற வேண்டியிருந்தது ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் துடைப்பமும்தான். அங்கிருந்து குளியலறைக்கு எட்டு எட்டு, வாளியில் பாதிதான் நிரப்ப வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன், காலில் தழும்பு இருக்கிறது.

மூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் குழாய்தான் காரணம். புகைபோக்கிக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயரம், அதோடு பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எதைக் காட்டிலும் இரண்டடி உயரம். பழைய இடத்தில் பத்தடிக்குள் பக்கத்து வீட்டு மாடியே இருந்தது, அதைவிட இரண்டடி என்றால் எங்கள் வீட்டில் செல்போன் டவர் மாதிரி ஒன்று எழும்பும். எதிர் மூலையில் அந்த மாடி பதினெட்டு அடி தள்ளிப் போய்விடுகிறது. எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மூன்றடி போதும். மொத்தம் பதினாறு அடிக் குழாய், நாலு அங்குலம். உயரம் ஏற ஏற இழுப்பு கூடும், சூடான காற்று லேசு என்பதைத் தவிர இதில் வேறு சூட்சுமம் இல்லை. படுக்கை வசத்தில் ஓடும் ஒவ்வொரு அடியும் அந்த இழுப்பைத் தின்னும், அதனால் சுவரைச் சுற்றி வளைய வேண்டிய இடத்தில் ஒரே செங்கோண எல்போ (வளைவுத் துண்டு) போடாமல் இரண்டு சாய்வு எல்போ.

பட்டறைக்காரர் "ஜி.ஐ. போட்டா பாதி விலை சார்" என்றார். நெருப்புக்கு அருகில் துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், சூடேறினால் அந்தப் பூச்சு கெட்டு ஆவி வரும், ஜி.ஐ. வெல்டிங் செய்து காய்ச்சல் கண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் அடித்துக்கொண்டேன். ஆனால் மாட்டியபோது ஒரு வேடிக்கை. வெளியே வழியும் மழை இணைப்பு வழியாக உள்ளே இறங்கக் கூடாது என்று நினைத்து, கீழ்த்துண்டு மேல்துண்டுக்குள் சொருகும்படி மாட்டிவிட்டார்கள். இரண்டாவது வாரம் சுவரில் தார் ஊற்றின மாதிரி கறுப்புக் கோடு. புகை குளிர்ந்தால் உள்சுவரில் பிசினாகப் படியும், அது கீழ்நோக்கி வழியும், வழியும்போது மேல்துண்டின் முனை கீழ்த்துண்டுக்குள் இருந்தால்தான் உள்ளேயே இறங்கி நெருப்பில் விழுந்து எரியும். பிரித்துத் தலைகீழாக மாட்டினோம். சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தும் மங்கலாகத் தெரிகிறது.

அந்தக் கறுப்புப் பிசின் சும்மா அழுக்கு இல்லை, அதுவே எரியும். குழாய்க்குள் கால் அங்குலம் படிந்து ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாயே செக்கச்செவேல் என்று ஆகிவிடும். மூன்று மில்லிமீட்டர் படிந்தாலே தேய்த்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. நான் மாதம் ஒரு முறை மொட்டை மாடியிலிருந்து கம்பித் துடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். பக்கத்தில் தென்னை இருப்பதால் மேலே பொறி பறக்காமல் எஸ்.எஸ். வலை மூடி, அந்த வலைதான் முதலில் அடைக்கிறது.

இப்போது விறகு. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீளும்.

தொட்டியில் "காய்ஞ்சதா?" என்று கேட்டேன், "நல்லா காய்ஞ்சது சார்" என்றார்கள். மழை மாதத்தில் திறந்த லாரியில் வந்து இறங்கிய சவுக்கு எப்படிக் காய்ந்திருக்கும்? ஒரு துண்டை எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன், 640 கிராம். தேதி எழுதி மாடிப்படிக்கு அடியில் செங்கல் மேல் வைத்தேன். பொங்கல் வாரத்தில் அதே துண்டு 452 கிராம். கிட்டத்தட்ட இருநூறு கிராம் தண்ணீரை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்! காசு போனால் பரவாயில்லை, அந்தத் தண்ணீரை யார் காய்ச்சுவது? ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகிற சூட்டைப்போல ஏழு மடங்கு வேண்டும், கொதிக்கிற அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. ஆக முதல் நாள் என் நெருப்பு பாய்லரைக் கவனிக்கவே இல்லை, கட்டைக்குள் இருந்த தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அதனால் நெருப்பின் சூடு விழுந்து, கட்டையிலிருந்து கிளம்பிய வாயு எரியாமலே குழாய் வழியாகப் போனது. பக்கத்து வீட்டுக் கொடியில் போய் உட்கார்ந்தது அதுதான், எரிய வேண்டிய விறகு.

இப்போதெல்லாம் கட்டையை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல், காற்று ஊடுருவும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய். சுற்றி மூடினால் உள்ளேயே புழுங்கிக் காளான் வரும், வந்தது. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன், இரண்டு ஊசி இருக்கும். கட்டையின் முனையில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும், முனைதான் முதலில் காயும். பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் எரிக்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் சொத் என்று கேட்கும்.

கட்டை காயும்வரை மார்கழி முழுக்க ஓட்டியது கொட்டாங்குச்சியில். நான்கு வீட்டில் சொல்லிவைத்தால் வாரம் ஒரு பை சேர்ந்துவிடுகிறது. நன்றாகக் காய்ந்த கொட்டாங்குச்சி வேகமாக, பெரிய சுவாலையோடு எரியும், ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் நடுக்குழாய் திணறும். கை அளவு போட்டு, அது தணலான பிறகு அடுத்தது.

பற்றவைப்பதைத் தலைகீழாக மாற்றினேன். பருமனான கட்டை அடியில், சின்னக் கட்டை அதன்மேல், சிராயும் காய்ந்த பாளையும் உச்சியில், நெருப்பு உச்சியில்தான். அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, அடுப்பை மேல இருந்து பத்த வைக்கிறவனை இப்பதான் பாக்குறேன்" என்றார். அடியில் பற்றவைத்தால் மேலே இருக்கும் குளிர்ந்த கட்டை சூடாகிப் புகை விடும், அந்தப் புகை போகும் வழியில் நெருப்பு இருக்காது. உச்சியில் பற்றவைத்தால் கீழிருந்து கிளம்பும் வாயு மேலே எரிந்துகொண்டிருக்கும் சுவாலைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். சாம்பல் தட்டை முதலில் முழுக்க இழுத்து வைத்திருப்பேன், குழாய் சூடானதும் பாதி தள்ளிவிடுவேன், முழுக்க மூடுவதே கிடையாது. இப்போது 22 லிட்டர் முப்பது நிமிடத்தில் 80 டிகிரிக்குப் போகிறது, கொட்டாங்குச்சியும் விறகுமாகச் சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் முதல் நான்கைந்து நிமிடத்துக்கு மெல்லிய வெள்ளை, அப்புறம் குழாய் வாயில் கானல் மாதிரி காற்று ஆடுவது மட்டும் தெரியும். நண்பரிடம் இரவல் வாங்கிய தூசி மீட்டரைப் பக்கத்து வீட்டுப் பக்கச் சுவரில் வைத்தும் பார்த்தேன். மலிவான மீட்டர் காட்டும் எண்ணை நம்ப மாட்டேன், பனி இருந்தால் அது கூட்டிக் காட்டும். ஆனால் அடியில் பற்றவைத்த நாளுக்கும் உச்சியில் பற்றவைத்த நாளுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் என்றால் அது மீட்டர் கோளாறு இல்லை.

நேரம் இன்னொரு விஷயம். மார்கழி விடிகாலையில் காற்று அசையாது, தரைப் பக்கம் குளிர்ந்து மேலே சூடாக இருக்கும், புகை எழும்பாமல் தெருவிலேயே படுத்துவிடும். போகி அன்று ஊரே மூட்டமாகி விமானங்கள் தாமதமாவது இதனால்தான். ஏழரை, எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறினால் அதே புகை கலைந்துவிடும். அம்மாவோ நாலரை மணிக்குக் குளிப்பவர். பேச்சுவார்த்தை நடந்தது. விடிகாலைக் குளியலுக்குக் கீசர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் கரண்ட் இல்லாத நாளுக்கும் பாய்லர் என்று முடிவானது.

சட்டத்தையும் பார்த்துவைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சொல்ல வேண்டுமே. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 19ஆவது பிரிவு இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்த இடத்தில் இன்ன எரிபொருளைத் தவிர வேறு எரிக்கக் கூடாது, இன்ன கருவியைத் தவிர வேறு வைக்கக் கூடாது, எரிபொருள் அல்லாததை எரிக்கவே கூடாது என்றெல்லாம் தடை போட மாநில அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. திறந்தவெளியில் குப்பை எரித்தால் ஐயாயிரம் ரூபாய் அபராதம், பெரிய அளவில் என்றால் இருபத்தைந்தாயிரம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. பி.எம். 2.5 என்கிற, காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளுக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஆலந்தூரில் அளவு நிலையம் ஒன்று இருக்கிறது, பாய்லர் பற்றவைக்கும் முன் போனில் அந்த எண்ணைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதிகமாக இருந்தால் கீசர்.

சித்தப்பா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான், வீடு சூடாக்க விறகு அடுப்பு வைத்திருக்கிறான். அங்கே 1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அங்கீகரித்த அடுப்பு இல்லாமல் விறகு எரிக்கக் கூடாது, புகைபோக்கியில் புகை தெரிந்தால் 175லிருந்து 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். 2021இலிருந்து சின்னக் கட்டாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். என் மீட்டரைப் பற்றிச் சொன்னபோது, "அண்ணா, இங்கே அது கடைக்காரன் வேலை" என்றான். நம் விறகுத் தொட்டியில் நான் ஊசியைக் குத்தியபோது அங்கிருந்தவர் ஜுரம் பார்க்கிறீர்களா சார் என்று கேட்டார்.

பாய்லருக்குள் போகாதவை: இடித்த வீட்டுப் பழைய நிலை, ஜன்னல் கட்டை. சும்மாவே தருகிறேன் என்று ஒரு காண்டிராக்டர் கெஞ்சினார், ஆனால் பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கும். பிளைவுட்டில் பசை. போகிக்கு அம்மா கிழிந்த பாயைக் கொண்டுவந்தார், கோரை என்று நினைத்துப் பிரித்தால் ஊடு முழுக்க பிளாஸ்டிக். குப்பை வண்டியில் போட்டேன், கொஞ்சம் மனஸ்தாபம்.

பாய்லர் வெளியே நின்றாலும் குளியலறைக்குப் போகும் நடையில், தலை உயரத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். ஐரோப்பியத் தரத்தில் செய்தவை 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்திலும், 300 வந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பார்ப்பேன், பூனை ஓடிவிடும்.

சாம்பலை மறுநாளும் நம்பாதீர்கள். அடியில் தணல் உறங்கிக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக் பக்கெட்டில் கொட்டி அடியே உருகிப்போன கதை எங்கள் வீட்டில் உண்டு. மூடி போட்ட தகர டின்னில் மூன்று நாள் வைத்து, சலித்து, பாதி பாத்திரம் தேய்க்க, பாதி வாழைக்கு.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை பற்றவைத்து அரை மணி கழித்து மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "இன்னைக்குப் பாய்லர் இல்லையா சார்?" என்றார். எரிகிறது என்றேன். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதித் துணியையும் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பாய்லரின் பித்தளைக் குழாயில் வாஷர் போய்விட்டது, சொட்டுகிறது. அம்மா அடியில் ஒரு சொம்பு வைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அதை மாற்ற வேண்டும், வலை மூடியையும் இறக்கித் தேய்க்க வேண்டும்.